மரத்தில் ஏறியவர்கள் இறங்கவில்லை

கூடப் பிறந்த இரட்டையரான அண்ணனும் தங்கையும் முறை தவறிச் சேர்ந்துவிட்டார்கள். ஊர் வாய்க்குப் பயந்து பெற்றவர்கள் அவர்களைக் காட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே உடம்பெல்லாம் முள்ளாக ஒரு மரம், உச்சியில் பழம். அண்ணன் ஏறித் தின்றான். மரம் அவனை இழுத்துக்கொண்டது. பட்டையில் முகம் மட்டும் தெரிந்தது. பின்னாலேயே ஏறிய தங்கையும் ஒட்டிக்கொண்டாள். மீட்க வந்த மந்திரவாதிகளும் ஒருவர்பின் ஒருவராக ஏறி ஒட்டிக்கொண்டார்கள். கடைசியாக வந்தவன் கெட்டிக்காரன். அவன் ஏறாமல் மரத்தை வெட்டச் சொன்னான். மரம் சாய்ந்ததும் முகங்கள் மறைந்துவிட்டன. அந்த மரத்திலேயே ஒரு கோல் செய்து, அத்தனை பேரையும் அதில் செதுக்கி வைத்தான்.

சுமாத்திரா தீவில் தோபா ஏரியைச் சுற்றி வாழும் பாத்தாக் மக்களின் கதை இது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அண்ணன் சி அஜி டொண்டா, தங்கை சி போரு தாப்பி. கோலுக்குப் பெயர் துங்கால் பனாலுவான். பாத்தாக் மக்களுக்கு மந்திரவாதியும் வைத்தியரும் சோதிடரும் ஒரே ஆள்தான், ‘தாத்து’ என்பார்கள். அவருடைய கையில் இருந்த கோல் இது.

நான் கோயில் வாகனம் செய்கிறவன். அதே தீவிலுள்ள மேடான் நகரத் தமிழர்கள் ஒரு குதிரை வாகனத்துக்காக என்னை அழைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் புகையிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் அவர்கள். வேலை இல்லாத நாளில் அங்குள்ள வட சுமாத்திரா அருங்காட்சியகத்துக்குப் போனேன். கதை எதுவும் தெரியாமல்தான் முதலில் கோலைப் பார்த்தேன். கண் மரத்தின்மேல்தான் போயிற்று.

ஆளுயரம். ஒரே கட்டை, எங்கும் ஒட்டு கிடையாது. நாங்கள் யாளி செய்தால் காலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று கட்டைகளைச் சேர்த்துத்தான் உருவம் எழுப்புவோம். இதில் கைப்பிடிக்குள் அடங்கும் கனத்தில் ஏழெட்டுப் பேர், முழங்காலை மடக்கி, ஒருவர் தலைமேல் ஒருவர். நடுநடுவே பாம்பு, பல்லி. உளி ஒரு இடத்தில் தவறினாலும் சிம்பு பெயர்ந்து ஒருவன் மூக்கு போய்விடும். அதை ஒட்டவைக்கவும் வழியில்லை. உச்சியில் நிற்பவன் அண்ணன். அவன் தலையில் மயிர்க் கற்றையும் சேவல் இறகும் வைத்து, வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நூலால் சுற்றியிருக்கிறார்கள். மேலுலகம், நாம் இருக்கும் உலகம், கீழுலகம் மூன்றுக்கும் அந்த நிறங்கள். கோல் மூன்றையும் துளைத்துக்கொண்டு நிற்கும் மரம் என்பது அவர்கள் நம்பிக்கை.

செதுக்கியதாலேயே கோலுக்குச் சக்தி வந்துவிடாது. உருவங்களின் தலையிலோ நெஞ்சிலோ ஒரு துளை போட்டு, ‘புபூக்’ என்ற மருந்துக் குழம்பை வைத்து அடைப்பார்கள். அதற்கப்புறம்தான் கோல் கோலாகும். அந்தப் புபூக்கைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார்களும் டச்சுக்காரர்களும் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் வயிறு கலங்கும். எதிரி ஊர்ப் பிள்ளையைக் கடத்தி வந்து, நல்ல சோறு போட்டு, ‘அனுப்புகிற இடத்துக்குப் போவேன்’ என்று சொல்ல வைத்து, காய்ச்சிய ஈயத்தை வாயில் ஊற்றிக் கொன்று, அந்த உடலிலிருந்து குழம்பு செய்வார்களாம். வாக்குக் கொடுத்த ஆவி ஏவலாக நிற்கும் என்பது கணக்கு. எழுதியவர்கள் மதம் மாற்றவும் ஆளவும் வந்தவர்கள், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் முழுப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கலை என்ற பெயரில் இதை மூடி மறைப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

துளை என்றதும் எனக்கு எங்கள் வேலைதான் நினைவுக்கு வந்தது. கற்சிலையை நிறுத்தும்போது பீடத்துக்கு அடியில் யந்திரத் தகடும் நவரத்தினமும் வைத்து மருந்து சாத்துகிறோம். வெளியே தெரியாத ஒன்று உள்ளே இருந்தால்தான் சாமி. ஆனால் ஒரு வித்தியாசம். நம் ஊரில் கண் திறந்ததும் சிற்பிக்கு வேட்டி துண்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குமேல் குருக்கள் ராஜ்ஜியம். தாத்து தானே மரத்தைத் தேர்ந்து, தானே செதுக்கி, தானே உயிர் கொடுத்து, அகில் மரப் பட்டையை மடித்துச் செய்த ‘புஸ்தஹா’ சுவடியில் மந்திரத்தையும் தானே எழுதிக்கொள்வார். உளியும் மந்திரமும் ஒரே ஆளிடம். பொறாமையாகத்தான் இருந்தது.

மழை வேண்டும், மழை நிற்க வேண்டும், நோய் விலக வேண்டும், சண்டையில் ஜெயிக்க வேண்டும், இப்படி எதற்கும் கோல் வெளியே வரும். மேளமும் சேமக்கலமும் முழங்க, தாத்து கோலைப் பிடித்து ஆடுவார். தரையில் எட்டுத் திசைக்கும் முனை வைத்த கோலம், அதில் ஒரு முட்டை. ஆட்டத்தின் உச்சத்தில் கோலின் முனையால் முட்டையைக் குத்துவார். உடைந்த விதத்தில் குறி சொல்வார். பிடித்திருப்பது அவர்தான் என்றாலும் ஆட்டுவிப்பது உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்று ஊர் நம்பியது.

நமக்கும் அந்த மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. மேற்குக் கரையில் பாரூஸ் துறைமுகத்தருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. அவர்கள் தேடிப்போன கற்பூரத்தைக் காட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் பாத்தாக் மக்கள். தாத்துவின் நாட்காட்டியில் ஆர்த்தியா, சுமா, அங்காரா என்று ஆதித்தனும் சோமனும் அங்காரகனும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாத்தாக் மக்களில் ஒரு பிரிவான காரோக்களின் குலங்களில் சோலியா, பாண்டியா என்ற பெயர்கள் இன்றும் உண்டு. அதற்காகக் கோலும் நம்மிடமிருந்து போனது என்று சொல்லிவிடாதீர்கள். கதையும் மரமும் அவர்களுடையவை.

1862-இல் சுமாத்திராவுக்கு வந்த நொம்மென்சன் என்ற ஜெர்மானியப் பாதிரியார் தோபா என்ற பாத்தாக் பிரிவினரில் பெரும்பாலோரைக் கிறிஸ்தவராக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1907-இல் பாத்தாக் அரசர் பன்னிரண்டாம் சிசிங்கமங்கராஜாவை டச்சுப் படை சுட்டுக் கொன்றது. தாத்துகளின் காலம் அத்தோடு சுருங்கிப்போனது. கோல்கள் கப்பல் ஏறின. லைடன் முதலாகப் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்று நிற்கின்றன.

ஏரிக்கு நடுவே சமோசிர் தீவில் தோமோக் என்ற ஊர் இருக்கிறது. படகை விட்டு இறங்கியதும் கடைத்தெரு, கடைக்குக் கடை கோல். ஒரு கடைக்காரர் கறுத்துப்போன ஒன்றை எடுத்துக் காட்டி, நூறு வருடத்துக்கு முந்தியது என்றார். கூட வந்த மேடான் தம்பி, “ஐயா, இது உண்மையிலேயே பழசா?” என்று என் காதில் கேட்டான். “போன மாசத்து மரம்டா தம்பி, தட்டினாலே ஈரம் தெரியுது” என்றேன். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. ஆனாலும் அந்தச் செதுக்கலைக் குறை சொல்ல முடியாது. முழங்கால் மடிப்பும் முகவெட்டும் பழைய கை அப்படியே இறங்கியிருந்தன. துளை மட்டும் இல்லை. அது இல்லாததே நல்லது.

அந்தப் பக்கம் போனால் ஒன்று வாங்கி வாருங்கள். பழசு என்று சொன்னால் நம்பாதீர்கள். புதுசுக்கு உரிய விலையைக் குறைக்காமல் கொடுங்கள். ஒட்டில்லாமல் ஒரே கட்டையில் அத்தனை பேரை நிறுத்துவது லேசான வேலை இல்லை.