தலையில் லேசான அடி: குணமடையும் நாள்களில்

கீழே விழுந்து தலையில் அடிபட்டதா? மருத்துவர் பரிசோதித்து வீட்டிற்கு அனுப்பிய பிறகும் தலைவலி, தலைச்சுற்றல், களைப்பு, மறதி ஆகியவை சில வாரங்கள் நீடிக்கலாம். பெரும்பாலோருக்கு இவை படிப்படியாகக் குறையும். "இன்னும் சரியாகவில்லையே" என்ற கவலை தூக்கத்தைக் கெடுத்து, தலைவலியையும் களைப்பையும் கூட்டலாம். உங்கள் கவலையைக் குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

• முதல் ஓரிரு நாள் ஓய்வெடுங்கள். பிறகு நடப்பது, சிறு வீட்டு வேலைகள் எனச் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள்.
• மது அருந்தாதீர்கள்.
• இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொண்டால் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள்.

முதியோருக்கு மூளையைச் சுற்றி மெதுவாக இரத்தம் கசிந்து, சில வாரங்கள் கழித்தும் பாதிப்பு தெரியலாம். தலைவலி கடுமையாவது, தொடர் வாந்தி, குழப்பம், பேச்சு குழறுவது, கை கால் பலவீனம், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 995ஐ அழையுங்கள்.