மேசைக் கணிப்பொறியில் இணைய வழங்கி: இணைப்பு வரம்பு குறித்த ஒரு விளக்கம்

மேசைக் கணிப்பொறி ஒன்றில் இணையச் செயலியை நிறுவிப் பிறர் பயன்பாட்டுக்குத் திறந்துவிடுவோர் எதிர்பாராத மறுப்பு ஒன்றைச் சந்திப்பதுண்டு. சிலர் பயன்படுத்தும்போது ஒழுங்காக இயங்கிய செயலி, அடுத்து வருவோரைப் 'பயனர் மிகுதி' என்னும் பொருள்பட 403.9 என்ற பிழைச்செய்தியுடன் திருப்பி அனுப்பிவிடும். நினைவகம் நிறைந்துவிட்டதாலோ செயலகம் திணறுவதாலோ நேர்வதன்று இது. விண்டோஸ் 2000 புரொஃபஷனல், விண்டோஸ் எக்ஸ்.பி. புரொஃபஷனல் ஆகியவற்றுடன் வழங்கப்பட்ட இணைய வழங்கி மென்பொருள், ஒரே நேரத்தில் 10 இணைப்புகளுக்கு மேல் ஏற்காதவாறு அமைக்கப்பட்டிருந்தது. இவ்வரம்பு எங்கிருந்து தோன்றியது, எதனை எண்ணுகிறது என்னும் இரண்டும் தெளிவுபடுதல் வேண்டும்.

வரம்பின் தோற்றம்

இச்சிக்கல் பொதுவெளியில் முதன்முதலாகப் பெரிய விவாதமானது 1996-இல் ஆகும். அவ்வாண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. 4.0 இயக்க முறைமையை ஒர்க்ஸ்டேஷன், சர்வர் என இரு பதிப்புகளாக வெளியிட்டது. விலை குறைந்த ஒர்க்ஸ்டேஷன் பதிப்பின் வெள்ளோட்ட வடிவில், 10 நிமிட இடைவெளிக்குள் வெவ்வேறான 10 இணைய முகவரிகளுக்கு மேல் தொடர்பு கொள்ள இயலாதவாறு ஒரு தடை புகுத்தப்பட்டிருந்தது. இத்தடை அந்நிறுவனத்தின் சொந்த வழங்கியை மட்டுமன்றி, அம்முறைமையின்மீது இயங்கும் பிற நிறுவனங்களின் வழங்கி மென்பொருள்களையும் முடக்குவதாய் இருந்தது. 'வெப்சைட்' என்னும் வழங்கி மென்பொருளை விற்றுவந்த ஓ'ரெய்லி நிறுவனத்தின் தலைவர் டிம் ஓ'ரெய்லி வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். எதிர்ப்பு வலுத்தபின் நிரலில் இருந்த தடை நீக்கப்பட்டது. ஆயினும் உரிம ஒப்பந்தத்தில் 10 என்னும் வரம்பு எஞ்சியது. பொறி தடுக்காததைச் சட்டம் தடுக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

அதே ஆண்டில் ஆண்ட்ரூ ஷுல்மன் மேற்கொண்ட ஆய்வு, இரு பதிப்புகளின் கருநிரலும் ஒன்றே என்பதை எடுத்துக்காட்டியது. முறைமையின் பதிவேட்டில் உள்ள பதிப்பு வகைக் குறிப்பைக் கொண்டே, தான் ஒர்க்ஸ்டேஷனா சர்வரா என்பதை அம்முறைமை தொடங்கும்போது அறிந்துகொண்டது. சர்வர் பதிப்புடன் கூடுதல் மென்பொருள்களும் மேலாண்மைக் கருவிகளும் தரப்பட்டன என்பதும், பயன்பாட்டுக்கேற்ப விலை வகுப்பது விற்பனையாளரின் உரிமை என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. எனினும் வணிக முடிவு ஒன்றினைத் தொழில்நுட்ப இயலாமையாகக் காட்டுவது வேறு.

எண்ணப்படுவது யாது?

இணைப்பு, பயனர், வேண்டுகை என்னும் மூன்று சொற்களையும் வேறுபாடின்றி ஆளும் வழக்கமே குழப்பத்திற்குப் பெருங்காரணம். பயனர் என்பவர் மனிதர். வேண்டுகை என்பது ஒரு பக்கத்தையோ படத்தையோ தருமாறு உலாவி வழங்கியைக் கேட்பது. இணைப்பு என்பது அவ்வேண்டுகைகள் செல்லும் வழி. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் பல வேண்டுகைகள் எழும். அவற்றை விரைந்து பெற உலாவி ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைத் திறக்கும். 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை, ஓர் உலாவி ஒரு வழங்கியுடன் 2 இணைப்புகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. அக்கணக்கின்படி 10 இணைப்புகள் 5 பயனர்க்கே போதுமானவை. 2008-ஐ ஒட்டி வந்த உலாவிகள் பல 6 இணைப்புகள் வரை திறக்கலாயின. இருவர் சேர்ந்தாலே வரம்பு கடந்துவிடும்.

அன்றியும், பக்கம் வந்து சேர்ந்தபின்னும் இணைப்பைச் சிறிது நேரம் திறந்தே வைத்திருத்தல் அந்நெறிமுறையின் இயல்பு. ஒரு மொழித்துறை தன் சொல்லடைவை எக்ஸ்.பி. கணிப்பொறி ஒன்றில் ஏற்றி, வகுப்பு மாணவர் அனைவரையும் ஒருங்கே தேடச் சொல்லியிருந்தால், முதலில் நுழைந்த சிலர் வாசித்துக்கொண்டிருக்கையில் அவர்களின் வெற்று இணைப்புகளே ஏனையோரைத் தடுத்திருக்கும். திறந்து வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் அதே 10 இணைப்புகள் பலருக்குப் பயன்படும். ஒவ்வொரு வேண்டுகைக்கும் புதிய இணைப்பு அமைக்க வேண்டிவருவதால் வேகம் சற்றுக் குறையும்.

2007-இல் பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் எண்ணும் பொருளே மாறியது. இணைப்புகளுக்கு மாற்றாக, ஒரே நேரத்தில் நிறைவேற்றப்படும் வேண்டுகைகள் எண்ணப்பட்டன: ஹோம் பிரீமியம் பதிப்பில் 3, பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளில் 10. மிகுந்தவை மறுக்கப்படாமல் வரிசையில் நிறுத்தப்பட்டன. வேண்டுகை ஒன்று பெரும்பாலும் நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால், சிறு குழுக்களுக்கு இம்மாற்றம் பேருதவியாயிற்று. நெடுநேரம் ஓடும் தேடல்கள் சில சேர்ந்தால் மட்டும் பின்வருவோர் காத்திருக்க நேரும்.

பொறியின் உண்மையான எல்லை இவற்றினும் மிகத் தொலைவில் உள்ளது. அப்பாச்சி வழங்கியில் ஒரே நேரத்தில் கையாளும் இணைப்புகளுக்கு நெடுங்காலம் 256 என்னும் தொடக்க மதிப்பு இருந்தது. நினைவகத்தைக் கருதி வைத்த அம்மதிப்பை நிறுவுவோரே மாற்றிக்கொள்ளலாம். 1999-இல் டான் கெகல் எழுப்பிய வினா, ஒரே பொறி 10,000 இணைப்புகளைத் தாங்குவது எவ்வாறு என்பதாகும்.

விண்டோஸ் 10 உரிம ஒப்பந்தம், கோப்பு, அச்சு, அம்முறைமையின் சொந்த இணைய வழங்கி முதலியவற்றுக்காக 20 பிற கருவிகள் வரை தொடர்புகொள்ள இசைகிறது. முறைமையையே வழங்கி மென்பொருளாகப் பயன்படுத்துவதை அதே ஒப்பந்தத்தின் வேறொரு கூறு விலக்குகிறது. ஆகவே அப்பாச்சி போன்ற வேறொரு வழங்கியை அதில் நிறுவினால் 10 என்னும் தடை மறையுமேயன்றி உரிமக் கேள்வி மறையாது. பொதுமக்களுக்கெனச் சொல்லடைவு ஒன்றை வெளியிட எண்ணும் நிறுவனம், அதே பழைய கணிப்பொறியில் லினக்ஸை நிறுவிக்கொண்டால் இரு தடைகளும் இல்லை.