வள்ளி கேட்கும் கேள்வி

யானைக்குப் பயந்துதான் முருகனுக்குச் சம்மதம் சொன்னாளா வள்ளி?

புராணக் கதை அப்படித்தான் போகிறது. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்தை மேடையில் பாருங்கள்! தினைப்புனத்தில் ஆலோலம் பாடும் வள்ளி, வேடனாக வரும் வேலனை லேசில் விடமாட்டாள். கேள்விக்கு மேல் கேள்வி. நடிகர்கள் சொந்தச் சரக்கையும் சேர்ப்பதால், ஊருக்கு ஊர் தர்க்கம் மாறும். கூட்டம் தூங்காமல் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான்.

பழைய கதையை மாற்றிச் சொல்வது வேறு நாட்டிலும் உண்டு. கிரேக்கப் புராணத்துப் பெர்செபொனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் தூக்கிப்போனான் என்பது பழைய கதை. இன்றைய எழுத்தாளர்கள் சிலர், அவளே விரும்பிப் போனதாக எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, எதிர்க்கேள்வி கேட்கும் நம் வள்ளியைத்தான் பிடிக்கிறது.

பக்கத்து ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் போட்டால், தர்க்கம் முடிகிறவரை எழுந்துவிடாதீர்கள்!