பிள்ளை மடுவமும் நேர்மையான விசாரணையும்

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ, இரத்தோட்டை மலைச்சரிவுகளில் தாய்மார் கொழுந்தெடுக்கும் வேளையில் மழலைகளைக் காப்பது தோட்டத்துப் பிள்ளை மடுவமே. அதன்மீது எழும் முறைப்பாட்டைப் புறக்கணித்தால் தீங்கு தொடரும். விசாரியாது மடுவத்தை மூடினால் குழந்தை லயத்தில் தனித்திருக்க நேரும்.

ஆதலின் விசாரிப்பவர் முன்னறிவிப்பின்றிச் சென்று வரவுப் பதிவேடு, குடிநீர், தொட்டில் ஆகியவற்றை நேரிற் கண்டு குறித்தல் வேண்டும். தாயின் கூற்றையும் பராமரிப்பவரின் மறுமொழியையும் தனித்தனியே கேட்டு எழுதுதல் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் குழந்தையை வினவலாகாது. துன்புறுத்தல் நிகழ்ந்ததென்னும் ஐயம் எழுந்தால், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உடனே அறிவித்தல் கடன். முடிவைக் காரணத்துடன் எழுதி இருதரப்பினர்க்கும் தெரிவித்த பின்னரே விசாரணை நிறைவுறும்.