வெப்பத்துக்கு வழிவிட்ட பள்ளிக்கூடம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே காண்டோ என்ற கிராமத்தில் 2001-இல் ஒரு தொடக்கப் பள்ளியைக் கட்டி முடித்தபோது ஊருக்கு மின்சாரமே கிடையாது. ஏசிக்கும் மின்விசிறிக்கும் வழியில்லை. வகுப்பறையைக் குளிர்விக்க வேண்டியது கட்டடத்தின் பொறுப்பாயிற்று.

வடிவமைத்தவர் பிரான்சிஸ் கெரே, அந்த ஊர்த் தலைவரின் மகன். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து நகரத்தில் படித்தவர். அங்கே அவருக்கு வாய்த்தது புழுக்கமும் நெரிசலுமான வகுப்பறை. பின்னாளில் பெர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே, நண்பர்களிடம் நிதி திரட்டி இந்தப் பள்ளியைக் கட்டினார்.

மண்ணில்தான் கட்டப்போகிறேன் என்றதும் ஊரார் திகைத்தார்கள். மழையில் கரையும் மண்சுவருக்கா ஜெர்மனி வரை போய்ப் படித்தாய் என்ற வருத்தம் அவர்களுக்கு. கெரே மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்திக் கல் செய்து காட்டினார். தடித்த மண்சுவர் சட்டென்று சூடேறாது. சுவருக்கு வெளியே நன்றாக நீண்டிருக்கும் கூரை, மழைச்சாரலையும் வெயிலையும் தடுத்துவிடுகிறது.

சூட்சுமம் அந்தக் கூரையில்தான் இருக்கிறது. தகரத்தை நேராகத் தலைக்கு மேல் போட்டால் வகுப்பறை கொதிக்கும். இங்கே தலைக்கு மேல் இருப்பது, இடைவெளி விட்டு மண்கற்களை அடுக்கிய உள்கூரை. தகரக் கூரை அதற்கும் மேலே, கம்பிச் சட்டங்களின் மீது தூக்கி நிற்கிறது. அறையின் சூடான காற்று எழும்பி, கல் இடுக்குகள் வழியாக மேலேறி, இரண்டு கூரைகளுக்கும் நடுவே வீசும் காற்றோடு வெளியேறிவிடும். அந்த இடத்தை நிரப்பச் சன்னல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். மூன்று வகுப்பறைகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுநடுவே நிழலான திறந்தவெளி விட்டு நிற்கின்றன.

கூரைச் சட்டங்களைச் சாதாரணக் கட்டுமானக் கம்பிகளை வெட்டிப் பற்றவைத்தே செய்தார்கள், கிரேன் தேவைப்படவில்லை. அஸ்திவாரத்துக்குப் பிள்ளைகள் கல் சுமந்தார்கள், மண் பிசையப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள், இளைஞர்கள் வெல்டிங் கற்றார்கள்.

இந்தப் பள்ளிக்கு 2004-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022-இல் கட்டடக்கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கரைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார் கெரே. காண்டோவிலோ, பிள்ளைகள் பெருகப் பெருக இன்னொரு கட்டடம் எழுந்தது. இப்போது சுவரில் ஒரு கல் உடைந்தாலும் வெளியூருக்கு ஆள்விட வேண்டியதில்லை. அதே மண்ணில் ஊராரே இன்னொரு கல் செய்து பதித்துக்கொள்ளலாம்.