ஆன்மாவின் இசை



அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலே வேர்கொண்டு வளர்ந்தது ‘சோல்’ என்னும் ஆன்ம இசை. மாற்றம் வந்தே தீரும் என்று சாம் குக் பாடிய பாடல் 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன ஒதுக்கலைத் தடை செய்யும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியதும் அவ்வாண்டே.

பள்ளிமுனைக் கரையிலே பிறந்த எனக்கு இவ்விசை அந்நியமாகத் தோன்றவில்லை. தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் இல்லத்திலே வியாகுலப் பிரசங்கம் ஒலிக்கும். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய நூல் அது. கிறிஸ்துநாதரின் பாடுகளை ஒப்பாரியின் சாயலிலே இசைக்கும்பொழுது, கடலுக்கு மகனைப் பறிகொடுத்த தாய் தன் துயரையும் அதனோடு சேர்த்து அழுது தீர்ப்பாள்.

எங்கள் குடும்பத்தில் ஆடவரே அதனை முன்னின்று வாசித்து வந்தனர். 1990இல் போர் எங்களைக் கரை பெயர்த்தது. மண்டபம் முகாமிலே அம்மம்மா காலமானார். வாசிக்கும் பெரியவர்கள் உடனில்லை, புத்தகமும் இல்லை. என் தாயார் மனப்பாடமாயிருந்த பகுதிகளைப் பாடினார். எவரும் தடுக்கவில்லை.

ஊர் திரும்பிய பின்னரும் அவரே பாடினார். இன்று என் மகள் வாசிக்கின்றாள். சமூக மாற்றம் சட்டத்தினால் மட்டும் வருவதன்று; துயர் சூழ்ந்த வேளையிலே துணிந்தெழுந்த ஒரு குரலாலும் வருகின்றது.