சீறிப்பாயும் ரேஸ் டிரோன்: செய்வது சுலபம், பறக்க விடுவதுதான் சிக்கல்! திருவெறும்பூர் வாலிபர்கள் கவனத்துக்கு

திருவெறும்பூர்,

கல்யாண வீடுகளில் வீடியோக்காரர் பறக்க விடும் டிரோனை பார்க்காதவர்கள் இப்போது கிடையாது. தலைக்கு மேலே வந்து ஆடாமல் அசையாமல் நிற்கும். ரிமோட்டில் இருந்து கையை எடுத்தாலும் விழாது.

ஆனால் செல்போன் வீடியோக்களில் வாலிபர்கள் வாயை பிளந்து பார்ப்பது வேறு ரகம். மரத்துக்கு நடுவே நுழையும், குட்டிக்கரணம் அடிக்கும், மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் சீறிப்பாயும். இதற்கு எப்.பி.வி. டிரோன் என்று பெயர். டிரோன் கேமராவில் தெரிவது எல்லாம் ஓட்டுபவர் மாட்டியிருக்கும் கண்ணாடிக்குள் அப்படியே தெரியும். டிரோனுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது மாதிரிதான்.

2016-ம் ஆண்டு துபாயில் நடந்த உலக டிரோன் ரேசில் இங்கிலாந்தை சேர்ந்த 15 வயது சிறுவன் லூக் பானிஸ்டரின் அணி ஜெயித்து 2½ லட்சம் டாலர் பரிசை அள்ளியது. அதன் பிறகு இந்த விளையாட்டின் மவுசு கூடி விட்டது.

வெளிநாட்டில் இருந்து ரெடிமேடு டிரோன் இறக்குமதி செய்ய 2022-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந்தேதி மத்திய அரசு தடை போட்டது. ராணுவம், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் உதிரி பாகங்களுக்கு தடை இல்லை. எனவே பாகங்களை வாங்கி நாமே பொருத்துவதுதான் வழி.

இரண்டும் கலந்த ரகம்

இதில் 2 வகை உண்டு. ரேஸ் டிரோன் எலும்பும் தோலுமாக இருக்கும். எடை குறைவு, வேகம் அதிகம். மோதினால் நொறுங்கும். வித்தை காட்டும் ‘பிரீஸ்டைல்’ டிரோன் கொஞ்சம் கனம். அடி தாங்கும், மேலே நல்ல கேமராவும் வைக்கலாம்.

இரண்டையும் கலந்து செய்வதுதான் ‘ஹைபிரிட்’. உடம்பு ரேஸ் டிரோன் போல சிறியது. கைகள் மட்டும் 5 மி.மீ. தடிமனில் இருக்கும். ஒரு கை உடைந்தால் அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். பணம் போட்டு செய்பவர்களுக்கு இதுதான் லாபம்.

என்னென்ன வேண்டும்?

கார்பன் பைபர் பிரேம், 4 மோட்டார், 5 அங்குல விசிறிகள், மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்தும் போர்டு, மூளை மாதிரி வேலை செய்யும் பிளைட் கன்ட்ரோலர், குட்டி கேமரா, படம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர், பேட்டரி. அவ்வளவுதான்.

சாதாரண பொருட்களில் செய்தாலே 25 ஆயிரம் ரூபாய் வரை வந்து விடும். ரிமோட்டும், கண்ணாடியும் தனி செலவு.

மோட்டாரில் 2207 என்று எழுதியிருந்தால், உள்ளே செப்பு கம்பி சுற்றிய பாகம் 22 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரம் என்று அர்த்தம். 6 செல் பேட்டரி போடுவதாக இருந்தால் 1,700 முதல் 1,950 கே.வி. வரை உள்ள மோட்டார் போதும். 4 செல் பேட்டரிக்கு உள்ள மோட்டாரை 6 செல்லில் ஓட்டினால் புகைந்து விடும்.

சால்டரிங் முக்கியம்

பெல் ஆலை வளாகத்தில் 1975-ம் ஆண்டே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்த ஊர் இது. பற்ற வைக்கும் வேலை இங்குள்ளவர்களுக்கு புதுசு இல்லை. ஆனால் டிரோனில் கடுகளவு இடத்தில் சால்டரிங் வைக்க வேண்டும். ஈயம் பளபளவென்று பிடிக்க வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் பறக்கும்போது விட்டுப்போகும்.

கார்பன் பைபரில் மின்சாரம் பாயும் என்பது பலருக்கு தெரியாது. பிரேமில் ஒயர் உரசினால் ஷார்ட் ஆகி போர்டு போய்விடும். ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட்டருக்கு கரண்ட் கொடுத்தால் அதுவும் கருகி விடும்.

எதிரெதிர் மூலையில் உள்ள 2 மோட்டார்களும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். மற்ற இரண்டும் நேர் மாறாக சுற்ற வேண்டும். இதை சோதிக்கும்போது விசிறியை கழற்றி வைத்து விட வேண்டும். மேஜை மேல் சோதனை செய்யும்போது விசிறி சுற்றினால் விரல் தப்பாது.

பேட்டரி ஜாக்கிரதை

லிபோ பேட்டரியில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. 3.5 வோல்ட்டுக்கு வந்ததும் இறக்கி விட வேண்டும். உப்பிய பேட்டரியும், மோதி நசுங்கிய பேட்டரியும் தீப்பிடிக்கும். ராத்திரி சார்ஜ் போட்டு விட்டு தூங்கவே கூடாது.

இத்தனை பாடுபட்டாலும் ஒரு பேட்டரிக்கு 3 முதல் 5 நிமிடம்தான் பறக்கும். அதனால் முதலில் கம்ப்யூட்டரில் ரிமோட்டை இணைத்து சிமுலேட்டரில் பழகுவது நல்லது. அதில் 100 தடவை விழுந்தாலும் செலவு இல்லை.

எங்கே பறக்க விடலாம்?

இங்குதான் சிக்கல். ஒரு பக்கம் திருச்சி விமான நிலையம். ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால் திருவெறும்பூர் தாலுகா பக்கம் இருந்தும் விமானங்கள் தாழ்ந்து வந்து இறங்கும். இன்னொரு பக்கம் துப்பாக்கி தொழிற்சாலை. நடுவே பெல் ஆலை.

2021-ம் ஆண்டு டிரோன் விதிகள்படி, விமான நிலைய எல்லையில் இருந்து 5 கிலோ மீட்டர் வரை சிவப்பு பகுதி. மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. 5 முதல் 8 கிலோ மீட்டர் வரை மஞ்சள் பகுதி. தரையை விட்டு ஒரு அடி எழும்பினாலும் விமான கட்டுப்பாட்டு அறை அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோ மீட்டர் வரை 200 அடி உயரத்துக்குள் பறக்கலாம். அதற்கு அப்பால் 400 அடி.

பக்கத்து பக்கத்து தெருவே வேறு வேறு பகுதியில் வரலாம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தை பார்த்து விட்டுத்தான் பேட்டரியை மாட்ட வேண்டும். பச்சை பகுதியாக இருந்தாலும் முக்கிய பிரமுகர் வரும்போது போலீசார் 96 மணி நேரம் வரை தடை போடலாம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை சுற்றி ஒரு வீடியோ எடுக்கலாம் என்று அனுமதி இல்லாமல் கிளம்பினால் வம்புதான்.

விதி மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். டிரோன் செய்த காசை விட பல மடங்கு!

டிரோனை 100 ரூபாய் கட்டி பதிவு செய்து அடையாள எண் வாங்க வேண்டும். 2 கிலோவுக்கு உட்பட்ட டிரோனை பொழுதுபோக்குக்கு ஓட்ட பைலட் சான்றிதழ் தேவை இல்லை. கண்ணாடி மாட்டினால் அக்கம்பக்கம் தெரியாது என்பதால், டிரோனை நேரில் பார்த்து சொல்ல கூட ஒருவர் நிற்பது அவசியம்.

வேலைக்கும் வழி

நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழு, 2018-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ டிரோன் போட்டியில் 2-வது இடம் பிடித்தது. 2019-ம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு ராணுவ தளவாட தொழில் வழித்தடத்தில் திருச்சியும் ஒரு மையம். டிரோனை பிரித்து மாட்ட தெரிந்த கைக்கு வேலை வாய்ப்பு உண்டு.

சம்பாதிப்பதற்காக டிரோன் ஓட்டுவதாக இருந்தால் பைலட் சான்றிதழ் வேண்டும். 10-ம் வகுப்பு பாசாகி, 18 முதல் 65 வயதுக்குள் இருந்தால் போதும். அனுமதி பெற்ற மையத்தில் பயிற்சி முடித்து சான்றிதழ் வாங்கலாம்.